ஓடிங்கின் திட்டமும் ஓர் ஊமைப் பெட்டியும்

என் கணவர் ஓடிங் கையால் தொட்ட எதுவும் வேலை செய்ததில்லை. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உஜுங்பெருங்கில் எங்கள் சந்து முழுவதும் அறிந்த செய்திதான். அவர் மாட்டிய குழாய் வெளியே சொட்டாமல் சுவருக்குள் ஒழுகும். அவர் அடித்த அலமாரி அன்று மாலையே ஒரு பக்கமாகச் சாய்ந்து, என் மிளகாய் ஜாடிகளை நிதானமாக ஒவ்வொன்றாகக் கீழே இறக்கியது. ஆனால் அந்த அலமாரிக்கு அவர் போட்ட வரைபடத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நான்கு நிறத்தில், அளவுகளோடு, பக்கவாட்டுத் தோற்றம் தனித்தாளில். படத்தில் அலமாரி நிமிர்ந்துதான் நின்றது.

அலுவலகத்திலும் அவருக்குப் படம் போடும் வேலைதான். சந்தை எங்கே வரும், மீன் எந்த வரிசை, கீரை எந்த வரிசை என்று காகிதத்தில் பிரித்துக் கொடுப்பார். கட்டுவது வேறு ஆட்கள். அதனால் சந்தைகள் நன்றாகவே நிற்கின்றன.

இளமையில் அவர் மெட்டல் இசைக்குழுவில் கிட்டார் வாசித்தவர். எங்கள் பேட்டையில் அந்தக் காலத்து ஆண்பிள்ளைகளில் வாசிக்காதவர் யார்? இடுப்பு வரை முடி, மண்டை ஓடு போட்ட கறுப்புச் சட்டை, அதே சட்டைக்குள் இப்போது தொப்பை. மேடையில் சவம், சாத்தான், சுடுகாடு என்று கத்திய இந்த ஆட்கள், பஸ்ஸில் யாராவது தங்கள் காலை மிதித்துவிட்டால் தாங்களே மன்னிப்புக் கேட்பார்கள். அதுதான் இந்த ஊர். நான் சுமத்ராவில் மண்டைலிங் பக்கத்தவள். எங்கள் வீட்டில் குழம்பில் உப்பு இல்லையென்றால் விழுங்குவதற்கு முன்பே சொல்லிவிடுவோம். இங்கே உப்பில்லாத குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, வீட்டுக்குப் போய்த் தண்ணீர் குடிப்பார்கள்.

இவர்களுக்கு ஒரு சொல் உண்டு, 'சுமுஹுன்'. ஆமாம் என்று பொருள். இல்லை, பார்க்கலாம், என்னை விட்டுவிடுங்கள் என்பதற்கும் அதையேதான் சொல்வார்கள். கல்யாணமாகி வந்த புதிதில் எல்லோரும் என் பேச்சை ஒப்புக்கொள்கிறார்கள் என்று நினைத்து நான் ரொம்பவும் மகிழ்ந்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய மெட்டல் கூட்டம் எங்கள் முன்னறையில் கூடும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பெடல் இருக்கும். கிட்டாருக்கும் ஒலிபெருக்கிக்கும் நடுவே காலடியில் கிடக்குமே, அந்தச் சின்ன உலோகப் பெட்டி. நல்ல சத்தம் உள்ளே போய்க் கெட்டுப்போய் வெளியே வரும். கெட்டுப்போவதற்குத்தான் காசு. அவரவர் வீட்டில் அவரவர் கையால் செய்து கொண்டுவருவார்கள். வந்ததும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஒருவர் பெட்டியை இன்னொருவர் வாங்கி, அடி மூடியைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் போர்வையை விலக்கிப் பார்ப்பது போல ஒரு பார்வை. "பேஷ், காங், ஒயரெல்லாம் எவ்வளவு நேர்த்தி!" காங் என்று அண்ணன் முறை வைத்து, ஒருவரை ஒருவர் பாராட்டித் தீர்த்துவிடுவார்கள்.

என் கணவர் மட்டும் பெட்டி கொண்டுவந்ததில்லை. திட்டம் கொண்டுவருவார். 'காங் திட்டம்' என்றே அவருக்குப் பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை, அவருக்குத் தெரியும்.

ஒரு நாள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார். என்னை அவர் நெங் என்றுதான் கூப்பிடுவார். "நெங், எல்லாரும் ஒண்ணா ஒக்காந்து, ஒரே நாள்ல, ஒரே மாதிரி பெடல் செய்யப்போறோம். படம் நான் போடறேன். உள்ள வைக்கற செம்புத் தகடும் நான் செஞ்சு தரேன்."

"நீங்களா? கையாலயா?"

"கையாலதான்." சட்டைக் காலரை மூன்றாம் முறையாக மடித்தார். "என் கையால செஞ்ச ஒண்ணு, அவங்க எல்லார் முன்னாடியும் ஒரே ஒரு தடவ சத்தம் போடணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

எதையும் வேண்டும் என்று கேட்காத மனிதர் அவர். எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. சரி, செய்யுங்கள் என்றேன். என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டேன்.

திட்டமிடல் தொடங்கியது. இங்கே எதையும் கைதூக்கி எண்ணி முடிவு செய்ய மாட்டார்கள். எண்ணினால் தோற்றவர் முகம் வாடுமாம். எல்லோரும் ஒத்துவரும் வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எல்லோரும் முதலிலேயே ஒத்துக்கொண்டு விடுவதால்தான் பேச்சு முடிவதில்லை. பெட்டிக்கு என்ன நிறம் என்பதற்கு நோன்பு மாதம் முழுக்கப் போயிற்று.

"எனக்கு எந்த நிறமும் சரி, காங்," என்றார் குங்குன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இன்னமும் பின்னால் சின்னக் குடுமி வைத்திருப்பவர். "கறுப்புகூட சரிதான்."

"சுமுஹுன். அப்போ பச்சை?" என்றார் என் கணவர்.

"பச்சை ரொம்ப அழகு, காங். கறுப்பு பக்கத்துல வச்சா இன்னும் எடுப்பா இருக்கும்."

அடுத்த வாரம் பச்சையிலிருந்து கரும்பச்சைக்கு வந்தார்கள். அதற்கடுத்த வாரம் மிகவும் கரும்பச்சை. நான் பாலா-பாலா வடை பொரித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "அவருக்குக் கறுப்புதான் வேணுமாம், அடிச்சுத் தொலைங்களேன்," என்றேன்.  குங்குன் காதுவரை சிவந்து, தனக்குப் பச்சை என்றால் உயிர் என்று சொல்லிவிட்டார். பெட்டிகள் பச்சையாகவே வந்தன. பழி என் மேல்.

சுவரில் பெரிய தாள் ஒட்டி, யார் கம்பி வாங்குவது, யார் பெட்டியில் துளை போடுவது, யார் வடை கொண்டுவருவது என்று கட்டம் கட்டமாக எழுதினார் என் கணவர். சொல்லக் கூடாது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. தகடு செய்யும் வேலை மட்டும் அவர் பெயரில்.

அந்தத் தகடு செய்வதைத்தான் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மின்சுற்றின் படத்தை வழவழத் தாளில் அச்சடித்து, செம்புத் தகட்டின் மேல் கவிழ்த்து, இஸ்திரி போட வேண்டும். என் இஸ்திரிப் பெட்டி. மசி செம்பில் ஒட்டியதும் அமிலத்தில் போட்டு ஆட்ட வேண்டும். என் பிளாஸ்டிக் தொட்டி. குளியலறைத் தரையில் இன்றைக்கும் ஒரு மஞ்சள் வட்டம் இருக்கிறது, எத்தனை தேய்த்தும் போகவில்லை. மூன்று ஞாயிறு அங்கேயே உட்கார்ந்து எல்லோருக்கும் தகடு செய்தார். ஆச்சரியம், எல்லாம் சுத்தமாக வந்தன. பளபளவென்று, ஒரு கோடும் அறுந்துபோகாமல். அவரே நம்பவில்லை. சாப்பிடும்போதுகூட ஒரு தகட்டைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

செய்யும் நாள் வந்தது. முன்னறையில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பத்துப் பன்னிரண்டு பேர் சுற்றி உட்கார்ந்தார்கள். ஈயப் புகை, கிரெட்டெக் சிகரெட் புகை, என் எண்ணெய்ப் புகை எல்லாம் கலந்து கண் எரிந்தது. மேசையின் தலைப்பக்கத்தில் என் கணவர், மூக்குக் கண்ணாடியோடு, தன் படத்தைத் தானே வாத்தியார் போல விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்து ஒவ்வொரு பாகமாகப் பொருத்திக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவே இல்லை.

மற்றவர்கள் நிமிர்ந்தார்கள். அதை நான் தட்டு வைக்கும்போது பார்த்தேன். டிக்டிக் என்று ஒருவன், சந்தை முனையில் செல்போன் பழுது பார்க்கிறவன், வயதில் சின்னவன். தகட்டைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடி தகட்டைப் பார்த்தான். பிறகு என் கணவரைப் பார்த்தான். வாயைத் திறந்து, மூடிக்கொண்டு, ஒரு வடையை அதற்குள் திணித்தான். கையில் இருந்த சின்னச் சாமானைத் திருப்பிப் பொருத்தினான். பக்கத்திலிருந்த குங்குன் அவன் தகட்டை எட்டிப் பார்த்தார். அவர் கண்ணும் அகலமாயிற்று. அவரும் எதையோ திருப்பினார். அப்படியே மேசையைச் சுற்றி ஒருவர் மாற்றி ஒருவராக எட்டிப் பார்த்தார்கள், திருப்பினார்கள், இருமினார்கள். எனக்கு இந்த வேலையில் ஒன்றும் தெரியாது. ஆண்பிள்ளைகள் காப்பியடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலை சோதனை. ஒவ்வொரு பச்சைப் பெட்டியாகக் கிட்டாரில் செருகி மிதித்தார்கள். முதல் பெட்டி தகரக் கூரையில் மழை கொட்டுவது போலக் கரகரவென்று கத்தியது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்ததும் கத்தியது. அதற்கடுத்ததும். ஒன்றுகூடத் தவறவில்லை. என் கணவரின் முகம் விரிந்துகொண்டே போனது. அவர் திட்டமல்லவா! கடைசியில் தன் பெட்டியைச் செருகினார். மிதித்தார். கம்பியை இழுத்தார்.

ஒன்றும் வரவில்லை.

மறுபடி மிதித்தார். பேட்டரியை மாற்றினார். சத்தக் குமிழ்களைக் கடைசிவரை திருகினார். அறையில் எல்லோரும் தத்தம் கால்விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரவால்ல, காங்," என்றார் குங்குன். "சில பெட்டி கொஞ்சம் கூச்ச சுபாவம்."

யாரும் சிரிக்கவில்லை. என் கணவர்தான் சிரித்தார். "இல்ல, எனக்குத் தெரியும். எல்லார்தும் பாடுது. அப்போ திட்டம் சரி. கைதான் சரியில்ல." எல்லோரும் சுமுஹுன் சுமுஹுன் என்றார்கள். எதற்குச் சொன்னார்கள் என்று அன்று எனக்குப் புரியவில்லை. அன்றைக்கு ஒருவர் பெட்டியை ஒருவர் திறந்து பார்க்கவும் இல்லை. நேரமாகிவிட்டது, மழை வருகிறது என்று பெட்டிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார்கள். மழை வரவே இல்லை.

மறுநாள் என் கணவர் ஈயம் உருக்கும் சால்டரிங் இரும்பைத் துடைத்து, டப்பாவில் போட்டு, டிக்டிக்குக்குக் கொடுத்துவிட்டார். சுவரில் இருந்த தாளையும் சுருட்டிவிட்டார். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தல் கட்டக் கூப்பிட்டார்கள். கெட்டதோ நல்லதோ, கூப்பிட்டால் போகிற மனிதர். "என் கை ராசியில்லாத கை, என்னைக் கூப்பிடாதீங்க," என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினார். தன் கையையே மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். குழாய் ஒழுகினால் ஒழுகட்டும். வருஷக்கணக்காக நான் வேண்டியது அதுதான்: இந்த மனிதர் வீட்டில் எதையும் தொடாமல் இருக்க வேண்டும். வேண்டியது கிடைத்தது. என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

ஊமைப் பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு டிக்டிக்கின் கடைக்குப் போனேன்.

"இத சரி பண்ணு."

"வாங்க, தேத்தே," என்று அக்கா முறை வைத்து எழுந்தான். "ஒக்காருங்க. டீ சாப்பிடறீங்களா? காங் சுகமா? உங்க சீரெங் பலகாரம் இந்தத் தடவ ரொம்ப..."

"டீ வேணாம். எல்லார்தும் கத்துது, இது மட்டும் ஏன் கத்தல? அவரு கை அவ்வளவு மோசமா?"

"ஐயோ, கை ரொம்ப நல்ல கை, தேத்தே. இவ்வளவு சுத்தமா ஈயம் வச்சு நான் பாத்ததே இல்ல."

"அப்புறம்?"

அவன் கடைக்கு வெளியே பார்த்தான். யாராவது வாடிக்கையாளர் வந்து காப்பாற்றுவார்களா என்று பார்த்தான். "படம் வந்து... கொஞ்சம்... கண்ணாடியில பாத்த மாதிரி, தேத்தே."

"நேரா சொல்லு. வாயில என்ன கொழுக்கட்டையா?"

பிறகுதான் சொன்னான். தாளைக் கவிழ்த்து இஸ்திரி போடுவதால் படம் இடவலம் மாறிவிடும். அதனால் முன்கூட்டியே ஒருமுறை திருப்பி அச்சடிக்க வேண்டும். என் கணவர் கணினியில் மாதிரியாக வைத்துப் போட்டது ஏற்கெனவே திருப்பிய படம். அது தெரியாமல், கவனமாக, அவரும் ஒருமுறை திருப்பியிருக்கிறார். பாகம் பொருத்துவதற்கான படமும் அதே கணினிப் படத்திலிருந்து எடுத்ததுதான். அதனால் எல்லாம் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும். டிரான்சிஸ்டர் என்கிற அந்தச் சின்னச் சாமானைத் தவிர. அதற்கு மூன்று கால். நடுக்கால் நடுவிலேயே இருக்கும்; ஓரத்துக் கால்கள் இரண்டும் இடம் மாறிவிட்டால் பெட்டி ஊமை.

"அதத் திருப்பி வச்சா?"

"பாடும்."

"நீ திருப்பி வச்சே."

"சுமுஹுன்."

"எல்லாரும் திருப்பி வச்சாங்க."

"சுமுஹுன், தேத்தே."

"அவரு ஒருத்தர்தான் அவரு படத்த நம்புனாரு!" கடைத்தெருவே திரும்பிப் பார்த்தது. "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே, பாவிங்களா!"

"எப்படி, தேத்தே? அத்தன பேர் முன்னாடியா? காங்குக்கு எவ்வளவு சங்கடமா இருக்கும்?" அவன் கண்ணில் நிஜமாகவே நீர் வந்துவிட்டது. "காங்கிட்ட சொல்லிடாதீங்க. எங்களால அவரு மூஞ்சியில முழிக்க முடியாது."

இவனை அடிப்பதா, அணைத்துக்கொள்வதா? சால்டரிங் இரும்பு டப்பா அவன் அலமாரியில் இருந்தது. கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டேன். நான் மண்டைலிங் பெண், எனக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. "உங்க கை சரி. உங்க திட்டம்தான் தப்பு," என்றேன். டிக்டிக் சொன்னதை எல்லாம் சொன்னேன்.

அவர் பெட்டியின் மூடியைக் கழற்றி உள்ளே பார்த்தார். வாழ்நாளெல்லாம் ஒரே ஒரு பெருமை, அது திட்டம். அதைத்தான் நான் இடித்துத் தள்ளியிருந்தேன். பயமாகக்கூட இருந்தது. பிறகு அவர் எழுந்து இரும்பைச் சூடாக்கினார். டிரான்சிஸ்டர்களைக் கழற்றி, திருப்பி, பொருத்தினார். ஈயம் சுத்தமாக உட்கார்ந்தது. கிட்டாரைச் செருகி மிதித்தார்.

கத்தியது. எல்லோருடைய பெட்டியையும் விட நன்றாகக் கத்தியது என்றே எனக்குத் தோன்றியது, எனக்கென்ன தெரியும்? அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரித்தார், கண்ணைத் துடைத்தார், மறுபடி ஒருமுறை கம்பியை இழுத்தார். "நெங், கேக்குதா? என் கை, நெங்." எனக்கும் அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழம எல்லார் முன்னாடியும் வாசிங்க," என்றேன்.

அவர் முகம் மாறியது. ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைத்தார். ஏதோ திருடியவர் போல வாசல் பக்கம் பார்த்தார்.

"முடியாது, நெங்."

"ஏன்?"

"பாடினா, மூடியத் தெறந்து பாப்பாங்க. தெறந்தா, நான் திருப்பி வச்சிருக்கறது தெரியும். அப்போ எனக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"தெரியட்டுமே!"

"எப்படி? நான் சங்கடப்படக் கூடாதுன்னுதானே மறைச்சாங்க? எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, பாவம், அவங்க எவ்வளவு சங்கடப்படுவாங்க!"

நான் கத்தினேன். வெகுநேரம் கத்தினேன். உங்களுக்கு வேண்டியது அது ஒன்றுதானே, அதற்குத்தானே இத்தனை பாடு, என் இஸ்திரி, என் தொட்டி, என் குளியலறை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் சுமுஹுன் என்றார். சுமுஹுன் என்று சொல்லிக்கொண்டே பெட்டியின் மூடியைத் திருகி மூடினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. எல்லோரும் வந்தார்கள். குங்குன் என் கணவருக்கென்று தனியாக ஒரு பொட்டலம் கேக் வாங்கி வந்திருந்தார். டிக்டிக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. அடுத்த கூட்டுப் பெடலுக்குக் காங்தான் திட்டம் போட வேண்டும், அவரை விட்டால் யார் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். மனதாரத்தான் சொன்னார்கள், அதில் எனக்குச் சந்தேகமில்லை.

"காங்கோட பெட்டி என்னாச்சு?" என்று குங்குன் மெல்லக் கேட்டார்.

"அது அப்படியேதான் இருக்கு," என்றார் என் கணவர். கையை விரித்துக் காட்டினார். "இந்தக் கைய வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

எல்லோரும் அனுதாபமாக முனகினார்கள். டிக்டிக்குக்கு அது போதவில்லை. "தேத்தே," என்றான். "நெஜமாவே இன்னும் சத்தம் வரலையா?"

அறை முழுவதும் என் பக்கம் திரும்பியது. இந்தக் கூட்டத்தில் பொய் சொல்லத் தெரியாதவள் நான் ஒருத்திதான் என்று எல்லோருக்கும் தெரியும். பெட்டி உள்ளறையில், என் தையல் மிஷினுக்கு அடியில் இருந்தது. போய் எடுத்துவர எனக்கு அரை நிமிஷம் ஆகாது. எடுத்துவந்து, மேசையில் வைத்து, மிதிக்க வேண்டியதுதான். என் கணவரைப் பார்த்தேன். அவர் வடைத் தட்டைப் பார்த்துக்கொண்டு, மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"எங்கே வருது," என்றேன். "சுத்த ஊமை."

டிக்டிக் நிம்மதியாக ஒரு வடையை எடுத்துக்கொண்டான். பேச்சு அடுத்த பெட்டியின் நிறத்துக்குப் போயிற்று. என் கணவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிப் பெருமையாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.